திருப்போரூரில் புதைத்த உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கு விளையாத ஊரில் உருளைக்கிழங்கைப் புதைத்துச் சம்பளம் வாங்கியவன் நான். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், எங்கள் ஊரே சிரித்த விஷயம்தான். கோயம்பேட்டில் மூட்டை மூட்டையாக வாங்கி வருவோம். திருப்போரூருக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கொல்லையில் மண்ணை வரிசை வரிசையாக மேடாக்கிப் பார் பிடித்து, ஒவ்வொன்றாகப் புதைத்து, மறுநாள் இயந்திரத்தை ஓட்டித் தோண்டி எடுப்போம். எடுத்ததை மண் தட்டி மறுபடியும் புதைப்போம். எங்கள் பக்கத்து மணலில் கட்டி கிடையாது என்பதால், ஏரி மண்ணைக் கட்டி கட்டியாகக் காயவைத்து, அதையும் மூட்டையில் கொண்டுவந்து கிழங்கோடு கலந்து புதைக்க வேண்டும். டீக்கடையில் ஒருவர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

"ஏன்பா, கெழங்கு வாங்கினு வர்ற. மண்ணுக்குக் காட்டிட்டு திரும்ப எடுத்துகினு போற. இன்னா, வேண்டுதலா?"

"வேலைண்ணா" என்றேன்.

"இதுக்குக் கூலி வேற குடுக்கறாங்களா?" என்றார். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குச் சட்டென்று கோபம் வரும். அங்கேயே உட்கார்ந்திருந்தால் வம்பாகியிருக்கும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கிழங்கு தோண்டும் இயந்திரத்தில், மண்ணையும் கிழங்கையும் சேர்த்து வாரி மேலே கொண்டுபோகும் கம்பிச் சங்கிலி ஒன்று ஓடும். மண் கம்பிகளுக்கு இடையில் கொட்டிவிடும், கிழங்கு மேலே போய்ப் பின்பக்கம் விழும். அந்தச் சங்கிலிக்கு மேலே ஒரு தகர மூடி, அதற்குள் விளக்குகள், விளக்குகளுக்கு நடுவே ஒரு கேமரா. ஓடுகிற ஓட்டத்தில் அது ஒவ்வொன்றையும் படம் பிடித்து, இது கிழங்கு, இது மண்கட்டி என்று பிரிக்கும். கிழங்கு என்றால் பொடியா, நடுத்தரமா, பெரிசா என்று அளந்து டிராக்டர் ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் திரையில் காட்டும். அந்தக் கேமராவைச் செய்தது கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனி. முதலாளி என்னைவிட வயதில் சிறியவர், நன்றாகப் படித்தவர், என்னை "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவார். கிழங்கு வாங்குவது, புதைப்பது, டிராக்டர் ஓட்டுவது, கேமராவைக் கழற்றி மாட்டுவது எல்லாம் என் பொறுப்பு.

இதில் முக்கியமானது பொடிக்கிழங்கு. சிப்ஸ் போடுகிற கம்பெனிக்காரர்கள் பொடியைத் தொடமாட்டார்கள். லாரி ஏற்றி அனுப்பி, அங்கே போய் இறங்கிய பிறகு "பொடி அதிகம்" என்று திருப்பிவிட்டால் விவசாயி தலையில் துண்டுதான். தோண்டும்போதே, கொல்லையின் எந்தப் பக்கம் பொடி எவ்வளவு வருகிறது என்று தெரிந்துவிட்டால் அதைத் தனியாக ஒதுக்கிவிடலாம். பெரிய கிழங்கை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், அதற்குக் கேமரா தேவையில்லை. எங்கள் கேமராவுக்கு உயிரே பொடியில்தான் இருந்தது. முதலாளிக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் நாங்கள் சொன்னதில்லை.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வந்தவனில்லை. மறைமலைநகர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன், அது மூடியது. அடுத்துப் போன இடமும் மூடியது. நாற்பதைத் தாண்டியவனை யாரும் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. மூன்றாவதாகக் கிடைத்தது இது. இதுவும் தள்ளாட ஆரம்பித்தபோது வளைகுடாவில் இருக்கும் என் மச்சான், மனைவியின் அண்ணன், போன் செய்தார். புதைத்து எடுக்க அந்தக் கொல்லையைக் கொடுத்ததும் அவர்தான்.

"மச்சான், இங்க எங்க குடோன்ல ஒரு எடம் காலியா கீது. உன் பேரைச் சொல்லி வெச்சிகிறேன். கிருத்திகை அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வரேன், வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. தள்ளிப் போட்டீன்னா வேற ஆளைப் போட்ருவாங்க."

மனைவியிடம் சொன்னேன். "உன் இஷ்டம் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

எனக்குப் போக விருப்பமில்லை. என் அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோது அங்கே போனவர். முதல் தடவை லீவில் வந்து பெட்டியோடு வாசலில் நின்றவரைப் பார்த்து, "அம்மா, யாரோ வந்துகிறாங்க" என்று நான் உள்ளே குரல் கொடுத்தேனாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று அம்மா சொல்லுவாள். அப்பாவும் சிரித்தாரா என்று நான் கேட்டதேயில்லை. என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. நான் இல்லாமல் அவள் வளர்ந்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்த வேலை நிலைத்தால் நான் போகவேண்டியதில்லை. நிலைக்காவிட்டால் போய்த்தான் ஆகவேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேலை நிலைப்பது ஒரே ஒரு ஆளின் கையில் இருந்தது. ஓசூர்ப் பக்கத்துக்காரர் அவர். கிழங்கு தோண்டும் இயந்திரங்களை வாங்கிச் சுற்று வட்டார விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர். அவருடைய எல்லா இயந்திரங்களிலும் எங்கள் கேமரா ஏறினால் கம்பெனி பிழைத்துவிடும். திருப்போரூர் முருகனுக்கு ஏதோ வேண்டுதல், கிருத்திகைக்குக் குடும்பத்தோடு வருகிறேன், அப்படியே உங்கள் கேமராவையும் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"அவரு எடுத்துக்கிட்டா நிப்போம்ணா. இல்லேன்னா மாசக் கடைசியோட மாடியைக் காலி பண்ணிடலாம்" என்றார் முதலாளி. மச்சானுக்குப் பதில் சொல்லவேண்டிய நாளும் இவர் வருகிற நாளும் ஒன்றாக அமைந்தது முருகன் செயலோ என் தலையெழுத்தோ தெரியவில்லை.

கோயம்பேட்டில் நானே நின்று வாங்கினேன். தரம் பிரிக்காத மூட்டைதான் வேண்டும், பொடியும் பெரிசும் கலந்தே இருக்கட்டும் என்று கேட்டதற்கு வியாபாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாரும் பொடி வாணாம்னு சண்ட போட்றான். நீ பொடி இல்லன்னு சண்ட போட்ற" என்றார். மூட்டை வாயைப் பிரித்துக் கையை விட்டுக் கிளறிப் பார்த்தேன். கோலிக்குண்டு மாதிரி பொடியும் இருந்தது, என் முஷ்டி அளவுக்குப் பெரிசும் இருந்தது. திருப்தியாக ஏற்றிக்கொண்டு வந்தேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் புதைக்க ஆள் கிடைக்கவில்லை. கொல்லையை ஒட்டித்தான் மாமியார் வீடு. மனைவியும் அத்தையும், "நாங்க கீறோம், பொதைச்சிட்டுப் போறோம்" என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். முதல் பாரில் எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி என்று நானே புதைத்துக் காட்ட உட்கார்ந்தேன். ஒரு கிழங்குகூட வைக்கவில்லை, அதற்குள் பக்கத்தில் நின்ற இயந்திரத்தில் கேமராவைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் விரிசல் விட்டிருப்பதைக் கவனித்தேன். அதை அப்படியே ஓட்டினால் நடுவழியில் கேமரா கீழே விழும். ஆழத்தையும் இடைவெளியையும் வாயால் சொல்லிவிட்டு, சட்டத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரத்துக்கு வண்டியை விட்டேன்.

சிற்பக் கூடங்களுக்குச் சிலை நிறுத்தும் இரும்புத் தாங்கி செய்து தரும் வெல்டர் ஒருவர் அங்கே எனக்குப் பழக்கம். பிள்ளையார் ஒருவருக்குத் தாங்கி செய்துகொண்டிருந்தார். "இது இன்னா சாமிக்குண்ணாத்த?" என்று சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருளைக்கிழங்குக்கு என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. சுற்றுமுற்றும் உளிச் சத்தத்துக்கு நடுவில் பகல் முழுக்கக் காத்திருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பார்கள் எல்லாம் வழித்துவிட்டாற்போல் ஒழுங்காக, மேலே தண்ணீர் தெளித்து, அழகாக இருந்தன. மனைவி வரப்பில் உட்கார்ந்து நகத்திலிருந்து மண்ணைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முட்ஞ்சிதா?" என்றேன்.

"முட்ஞ்சிது. நாளைக்கு வர்றவரு அசந்துருவாரு பாரு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ இல்லாவிட்டால் என்னால் ஆகியிருக்காது என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை முழுக்கக் கிருத்திகைக் கூட்டம். பழைய மாமல்லபுரம் சாலை அப்படியே நின்றுவிட்டது என்று முதலாளி போனில் புலம்பிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஓசூர்க்காரர் அவருக்குப் பின்னால், நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். அவர் வீட்டுப் பெண்கள் கோயில் பிரசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அவர் கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசுகிற மனிதர். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். "மணல் பூமி. எங்களுக்குக் கெடைச்சா கும்பிட்டுக்குவோம்" என்றார். எனக்குப் பாதி ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

நான் டிராக்டரில் ஏறினேன். முதலாளி இன்னொரு திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குக் காட்டியபடியே இயந்திரத்தோடு நடந்து வந்தார். முதல் பார் ஓடியது. நடுத்தரம் என்ற இடத்தில் எண் குடுகுடுவென்று ஏறியது. பெரிசு என்ற இடத்திலும் ஏறியது. மண்கட்டியைச் சரியாகத் தள்ளியது. பொடி என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது. பார் முடிந்து திரும்பும்போதும் பூஜ்யம்.

முதலாளி வேட்டி முனையால் கேமராக் கண்ணாடியைத் துடைத்தார். அணைத்துப் போட்டார். இரண்டாவது பாரை ஓட்டினேன், அதே பூஜ்யம். அவர் டிராக்டருக்குப் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "நேத்து சட்டத்தை மாத்துனீங்களே, உயரத்தை ஒழுங்கா வெச்சீங்களா? கேமரா கிட்டப் போயிட்டா பொடியெல்லாம் பெரிசாத் தெரியும்ணா" என்றார். அளவு சரிபார்க்க ஒரு மரக்கட்டை வைத்திருப்போம். அதைச் சங்கிலி மேல் போட்டு ஓட்டினோம். கட்டையின் அளவைக் கேமரா இம்மி பிசகாமல் சொன்னது. ஆக, சட்டம் சரி, கேமராவும் சரி.

ஓசூர்க்காரர் இயந்திரம் பின்னால் தள்ளிய கிழங்கு வரிசைப் பக்கமாகப் போனார். காலால் புரட்டிப் பார்த்தார். நானும் இறங்கி ஓடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி திடமான கிழங்கு, ஒரு பொடிகூட இல்லை. கம்பி இடுக்கில் விழுந்திருக்கும் என்று மண்டி போட்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டினேன். அந்தப் பாரின் நீளத்துக்கும் நாய் மாதிரி தோண்டிக்கொண்டே போனேன். மண்ணிலும் இல்லை. நான் என் கண்ணால் பார்த்து, கையால் கிளறி வாங்கிய பொடி எங்கே போயிற்று? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"தம்பி, எழுந்துருங்க" என்றார் ஓசூர்க்காரர். எழுந்தேன். "கோயம்பேட்டு மூட்டையில பொடி இல்லாம இருக்காது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்க கேமராவுக்குப் பொடி கண்ணுக்குத் தெரியாதுன்னா நேராச் சொல்லிடலாமில்ல? அதைப் பொறுக்கி எடுத்துட்டு எதுக்கு ஓட்டிக் காட்டணும்?"

"சார், சத்தியமா நான் பொறுக்கல" என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைக்கிறார். அது எனக்கு அந்தப் பூஜ்யத்தைவிட வலித்தது.

அந்த நேரத்தில்தான் அத்தை வேலியோரம் வந்து நின்று கூப்பிட்டார். "மாப்ளே, எல போட்டாச்சி. கை நனைக்காம யாரும் போவக்கூடாது, ஆமா. கார்ல கீறவங்களையும் வரச் சொல்லுங்க."

ஓசூர்க்காரருக்கு உட்கார மனமில்லை. ஆனாலும் வயதான பெண்மணி கூப்பிட்டு மறுப்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். மனைவி சாதம் போட்டாள், சாம்பார் ஊற்றினாள். பிறகு ஒரு பெரிய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் ஓசூர்க்காரர் இலையில் கரண்டி நிறைய வைத்தாள். மிளகாய்த்தூளும் எண்ணெயும் பூத்து, முறுகலாக, முழுசு முழுசாக, கோலிக்குண்டு அளவில். பொடிக்கிழங்கு வறுவல்.

அவர் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓ, இங்க இருக்குதா?" என்றார்.

அத்தைக்கு அது பாராட்டாகக் கேட்டிருக்கும்போல. மலர்ந்த முகத்தோடு சொன்னார். "ஆமா சாமி. அம்மாந்தூரம் கடந்து வர்றீங்க, உங்க கண்ணுக்கு சொத்தையும் சோடையுமா காட்டலாமா? பொடிசு, அடிபட்டது எல்லாம் பொறுக்கித் தனியா எட்த்துட்டு, நல்லதா பாத்து பொதைச்சோம். என் பொண்ணும் நானும் கதிரு அறுக்கறாப்போல குனிஞ்சு குனிஞ்சு, ஒண்ணு தப்ப விடல. பொடிசெல்லாம் தோலுரிச்சி உங்களுக்குன்னே வறுத்தோம். சாப்புடுங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் எழுந்துவிட்டேன். விருந்தாளி இருக்கிறார் என்ற நினைப்பே இல்லை. "யாருடி உன்னப் பொறுக்கச் சொன்னது?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினேன். "பொடிதான்டி எனக்கு வேணும். பொடி இல்லாம நான் எதைக் காட்டுவேன்? என் வாயில மண்ணைப் போட்டுட்டியே."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கும் என்னைப் போலவே கோபம் வரும், ஆனால் அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினாள்.

"பொடிதான் வேணும்னு நீ சொன்னியா மாமா? எத்தினி நாளா கேமரா கேமரான்னுகினு கீற. அது இன்னாத்த அளக்குது, எதுக்கு அளக்குதுன்னு ஒரு நாளு என்னாண்ட சொன்னியா? பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடி கிழிஞ்ச பொடவையோடயா நிக்க வெப்பாங்க? நல்லதா காட்டுனாதான் அவரு வாங்குவாருன்னு நெனைச்சேன். அவரு வாங்கினா நீ போவ வாணாம் இல்ல? அதுக்குத்தான் பொறுக்குனேன்."



முதலாளி பதறிக்கொண்டு ஓசூர்க்காரரிடம் நடந்ததை விளக்கினார். பக்கத்தில் திருப்போரூரில் பொடி வாங்கி வந்து ஓட்டிக் காட்டுகிறேன், ஒரு அரைமணி நேரம் என்று நான் கெஞ்சினேன். "இந்தக் கூட்டத்துல போய் வர்றதுக்கு இருட்டிடும். நான் ஊர் போய்ச் சேரணும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். அடுத்து முதலாளி செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எதில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வறுவல் கிண்ணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். "ஏறுங்கண்ணா, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ஓசூர்க்காரரும் கையைக் கழுவிவிட்டு, பாவம் பார்த்து எங்கள் பின்னால் வந்தார். நான் டிராக்டரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டேன். முதலாளி வறுத்த கிழங்கைக் கை கையாக அள்ளிச் சங்கிலி மேல் போட்டார். எண்ணெய் அவர் முழங்கை வரை வழிந்தது. மிளகாய் நெடியோடு கிழங்கெல்லாம் கேமராவுக்குக் கீழே ஊர்வலம் போயிற்று.

திரையில் எல்லாமே மண்கட்டி என்று வந்தது. செக்கச்செவேல் என்று முறுகிப்போனதைக் கிழங்கு என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஓசூர்க்காரர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பட்டது. அவர் சிரிக்கவில்லை. "நீங்க ஏமாத்துற ஆளுங்க இல்லைன்னு இப்ப நம்புறேன்" என்றார். "ஆனா நான் எதைப் பார்த்துட்டு வாங்குறது சொல்லுங்க? என்னை நம்பித்தான் எங்க விவசாயிங்க மிஷினை எடுக்கறாங்க. பார்க்காத ஒண்ணைப் பார்த்தேன்னு அவங்ககிட்ட நான் சொல்ல முடியாதில்ல?" வேறொரு நாள் வருவீர்களா என்று முதலாளி கேட்டார். அறுவடை வருவதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டும், வேறொரு கம்பெனிக்காரரும் காட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். வீட்டுக்குள் போய் அத்தையைப் பார்த்து, சாப்பாடு அருமை என்று கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். அவர் இலையை மடிக்காமலே எழுந்திருந்தார் என்று அத்தை பிறகு சொன்னார்.

முதலாளி கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். "அவங்கமேல கோபப்படாதீங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். கார் கதவைத் திறந்தவர், சட்டையில் பட்ட எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். சின்னப் பையன், வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கிய தொழில். மாதக் கடைசியில் நாங்கள் இருவருமாகத்தான் அந்த மாடியைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அன்று சாயங்காலம் நான் கொல்லையிலேயே கிடந்தேன். பக்கத்து மனைப்பிரிவில் நட்டிருந்த விளம்பரக் கொடிகள் கடற்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. புதைத்ததெல்லாம் மேலே கிடந்தது. அதை வாரி மூட்டையில் போடக்கூட எனக்குக் கை வரவில்லை. கத்தியதற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதே நேரத்தில் அவள் மேல் கோபமும் அடங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஒரு மனம். ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமே என்று இன்னொரு மனம். அழவேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை.

போன் அடித்தது, மச்சான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், மணி ஓசை கேட்டுக் கையை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"இன்னா மச்சான், முடிவு பண்ட்டியா? எங்க மேனேஜர் இப்பவே கேக்கறான்" என்றார்.

வரேன் என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு என்ன சொல்வது? வேலை போய்விட்டது, கண்ணெதிரே வேறு வழி இல்லை. "மச்சான், லைன்ல கீறியா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அவள் ஈரக் கையோடு போனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, அவரு வரல. வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடு."

அந்தப் பக்கம் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "வேல போச்சுன்னு அம்மா இப்பத்தான சொல்லிச்சு. சோத்துக்கு இன்னாடி பண்ணுவ? பைத்தியமா உனக்கு?"

"அத்த நாங்க பாத்துக்கறோம். நீ ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிக் கட் செய்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இரண்டு நாளில் இரண்டு தடவை என்னைக் கேட்காமல் என் பிழைப்பில் கை வைத்துவிட்டாள். "யாரைக் கேட்டுடி சொன்ன?" என்றேன்.

"யாரையும் கேக்கல."

"நாளைக்கு இன்னா பண்றது? அதையாவது யோசிச்சியா?"

"தெர்ல" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பவள். அப்படியே பாரின் மேல் உட்கார்ந்துவிட்டாள், தோண்டிய மணலில் கால் புதைய. எனக்குப் பயமாக இருந்தது. அன்று காலையிலிருந்து இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்னும்படியான பயம். அந்தப் பயத்துக்குள்ளேயே, போகவேண்டியதில்லை என்று ஒரு சந்தோஷமும் வந்து தொலைத்தது. அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோள் தோளில் பட்டது.

போன் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அண்ணனிடம் அவ்வளவு திடமாகச் சொல்லி முடித்தவள், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நீ போவமாட்ட இல்ல, மாமா?"

"போவல" என்றேன்.